புதுச்சேரி கைமாறிய கதை: 1-11-1954க்கும் 16-8-1962க்கும் நடுவே எந்தச் சட்டம் ஓடியது?

#1 பழைய_ஏடு

வரிசை எல்லாருக்கும் தெரிந்ததுதான். 18-10-1954 கீழூர் வாக்கெடுப்பு. 21-10-1954 டெல்லியில் இரு அரசுகளின் ஒப்பந்தம். 1-11-1954 நிர்வாகம் கைமாறியது. 28-5-1956 ஒப்படைப்பு உடன்படிக்கையில் நேருவும் பிரெஞ்சுத் தூதர் ஒஸ்த்ரோரோக்கும் கையெழுத்திட்டார்கள். 16-8-1962 ஏற்புறுதிப் பத்திரங்கள் பரிமாறப்பட்டன, அன்றே உடன்படிக்கை நடைமுறைக்கு வந்தது.

என் கேள்வி நடுவில் இருக்கும் ஏழு ஆண்டு ஒன்பதரை மாதம் பற்றியது. அந்தக் காலத்தில் மண் யாருடையது? பிரான்சுடையது என்றால், சுங்கச் சட்டமும் இறக்குமதிச் சட்டமும் 1954லேயே அங்கே எப்படி ஓடின? இந்தியாவுடையது என்றால் 1962இல் எதற்கு அரசமைப்புத் திருத்தம்? பள்ளிப் புத்தகத்தில் "இணைந்தது" என்ற ஒரே சொல்லில் முடித்துவிடுகிறார்கள். சட்ட ஏற்பாடு எப்படிச் செய்யப்பட்டது என்று தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

#2 ஆணை_எண்

இறைமை வேறு, ஆளும் அதிகாரம் வேறு. 1954 ஒப்பந்தத்தில் பிரான்ஸ் கொடுத்தது இரண்டாவது மட்டும். முதலாவதைக் கொடுக்க பிரெஞ்சு நாடாளுமன்றத்தின் ஒப்புதல் தேவை. அது வரும்வரை காத்திருக்க இருபக்கமும் விரும்பவில்லை. அதனால் "டி ஃபேக்டோ" (நடைமுறை ஒப்படைப்பு) முதலில், "டி ஜூரே" (சட்டப்படி ஒப்படைப்பு) பிறகு என்று பிரித்தார்கள்.

இந்தியப் பக்கத்துச் சட்டக் கருவி: 1947ஆம் ஆண்டின் வெளிநாட்டு அதிகாரவரம்புச் சட்டம். தன் நிலப்பரப்புக்கு வெளியே, உடன்படிக்கை, இசைவு போன்ற ஏதோ ஒரு வழியில் மத்திய அரசுக்கு அதிகாரம் கிடைத்தால் அதை எப்படிச் செலுத்துவது என்று சொல்லும் சட்டம் அது. அதன் 4ஆம் பிரிவின் கீழ் 30-10-1954 தேதியிட்டு இரண்டு ஆணைகள் வந்தன. ஒன்று நிர்வாக ஆணை: தலைமை ஆணையர் பதவி (முதலில் வந்தவர் கேவல் சிங்) இதில் பிறந்தது. இன்னொன்று சட்டங்களைப் பொருத்தும் ஆணை: எந்தெந்த இந்தியச் சட்டம் பிரெஞ்சுப் பகுதிகளுக்குப் பொருந்தும் என்ற அட்டவணை.

கவனிக்க வேண்டியது: அட்டவணையில் இல்லாத எல்லாவற்றிலும் பிரெஞ்சுச் சட்டமே தொடர்ந்தது. கோது சிவில் (பிரெஞ்சு உரிமையியல் சட்டத் தொகுப்பு), வணிகச் சட்டம், குற்றச் சட்டம், நீதிமன்ற அமைப்பு எல்லாம் அப்படியே. 1954 நவம்பர் 1 அன்று காலையில் கொடி மாறியது, நீதிபதி மேசையில் இருந்த புத்தகம் மாறவில்லை.

#3 அரசமைப்பு_வாசகன்

பிரான்ஸ் பக்கம் ஏன் இவ்வளவு தாமதம் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அப்போது நடப்பில் இருந்த 1946 பிரெஞ்சு அரசமைப்பின் 27ஆம் பிரிவு, சம்பந்தப்பட்ட மக்களின் இசைவு இல்லாமல் எந்த நிலப்பரப்பையும் விட்டுக்கொடுக்க முடியாது என்கிறது. வங்காளத்தில் இருந்த பிரெஞ்சுப் பகுதியான சந்திரநாகூரில் இதை நேரடியாகச் செய்தார்கள்: 19-6-1949 பொது வாக்கெடுப்பு, இந்தியாவுக்கு 7,473, எதிராக 114. நிர்வாகம் 2-5-1950இல் வந்தது, பாரிஸ் உடன்படிக்கை 2-2-1951, சட்டப்படி ஒப்படைப்பு 9-6-1952. வாக்கெடுப்பிலிருந்து மூன்று ஆண்டுக்குள் வேலை முடிந்தது.

புதுச்சேரியில் அந்த வழியில் போகவில்லை. கீழூரில் வாக்களித்தவர்கள் பிரதிநிதி சபை உறுப்பினர்களும் நகராட்சி உறுப்பினர்களும்: 178 பேர், 170 ஆதரவு, 8 எதிர்ப்பு. "மக்களின் இசைவு" என்பதற்குத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் இசைவு போதுமா என்ற கேள்வியை பிரான்சில் எதிர்ப்பாளர்கள் விடாமல் எழுப்பினார்கள். அதோடு அல்ஜீரியப் போர். ஒரு இடத்தை விட்டால் அடுத்த இடத்துக்கு முன்னுதாரணமாகிவிடும் என்ற அச்சத்தில் உடன்படிக்கை அலமாரியிலேயே கிடந்தது. அல்ஜீரியா விடுதலை பெற்ற அதே 1962 ஜூலையில்தான் பிரெஞ்சு நாடாளுமன்றம் இதற்கும் ஒப்புதல் தந்தது.

என் கருத்து: கீழூர் ஏற்பாடு அரசியலில் வேகமானது, சட்டத்தில் பலவீனமானது. அந்தப் பலவீனத்தின் விலையைப் புதுச்சேரி மக்கள் எட்டு ஆண்டு சுமந்தார்கள்.

#4 ஆணை_எண்

பாதி ஒத்துக்கொள்கிறேன். ஆனால் 1954இல் நிலைமை என்ன? யானத்தில் ஜூன் மாதமும் மாஹேயில் ஜூலை மாதமும் பிரெஞ்சு நிர்வாகம் ஏற்கெனவே விழுந்துவிட்டது. எல்லைச் சோதனை, பொருள் தட்டுப்பாடு, கொம்யூன் (பிரெஞ்சு நகராட்சிப் பகுதி) கொம்யூனாகத் தீர்மானம். முழு வாக்காளர் பட்டியலைத் திருத்தி, பார்வையாளர்களை வரவழைத்து, நேரடி வாக்கெடுப்பு நடத்த அவகாசம் இருந்ததாக நான் நினைக்கவில்லை.

#5 துறைமுக_வாசல்

ஆணைகள் இரண்டு நாளில் எழுதப்பட்டவை போல இருக்கும். அதில் எங்கே ஓட்டை விழுந்தது என்பதற்கு இறக்குமதி வழக்கைப் படியுங்கள். யுனிவர்சல் இம்போர்ட்ஸ் ஏஜென்சி வழக்கு, உச்சநீதிமன்றம், 1960.

நடந்தது இது. 1-11-1954க்கு முன்பே புதுச்சேரி வணிகர்கள் வெளிநாட்டு விற்பனையாளர்களோடு உறுதியான ஒப்பந்தம் போட்டு, அப்போதைய பிரெஞ்சு நிர்வாகத்தின் அனுமதியும் வாங்கிவிட்டார்கள். சரக்கு கப்பலில் வந்து இறங்கியது நவம்பர் 1க்குப் பிறகு. அதற்குள் இந்தியச் சுங்கச் சட்டமும் இறக்குமதிக் கட்டுப்பாட்டுச் சட்டமும் வந்துவிட்டன. சுங்க அதிகாரி கேட்டது: இந்திய உரிமம் எங்கே? இல்லை என்றதும் பறிமுதல், மீட்க வேண்டுமானால் அபராதம்.

வணிகர்கள் பிடித்துக்கொண்டது ஆணையில் இருந்த பாதுகாப்புப் பத்தியை. ஆணை தொடங்குவதற்கு முன் "செய்யப்பட்டவை" பழைய சட்டத்தாலேயே ஆளப்படும் என்று அது சொன்னது. அரசின் வாதம்: செய்யப்பட்டது ஒப்பந்தம் மட்டும், இறக்குமதி பிறகுதானே நடந்தது. நீதிமன்றப் பெரும்பான்மை சொன்னது: செய்யப்பட்டது என்றால் செயல் மட்டுமல்ல, அந்தச் செயலிலிருந்து சட்டப்படி விளையும் பலன்களும் சேர்த்தி. ஒப்பந்தத்தின் பலன்தான் சரக்கு. ஆகவே பறிமுதல் செல்லாது.

ஆட்சி மாற்றத்துக்குச் சட்டம் வரைகிறவர்கள் இங்கே நிறுத்திப் படிக்க வேண்டும். "முன்பு செய்யப்பட்டவை செல்லும்" என்று ஒரு வரி போட்டால் போதாது. நள்ளிரவில் பாதி வழியில் இருக்கும் காரியங்கள் என்ன ஆகும்? கடலில் இருக்கும் சரக்கு, திறந்த கடன் உறுதிக் கடிதம், விசாரணை முடிந்து தீர்ப்பு வராத வழக்கு, விண்ணப்பித்து வராத உரிமம், ஏலம் முடிந்து ஒப்படைக்காத நிலம். ஒவ்வொன்றுக்கும் தனி வரி வேண்டும். அந்த வரி இல்லாத இடத்தில் வணிகர் ஆறு ஆண்டு வழக்காட வேண்டியிருந்தது.

#6 பழைய_ஏடு

துறைமுக வாசல் சார், இதுதான் எனக்கு வேண்டியது. அப்படியானால் 1954-62இல் புதுச்சேரி "இந்திய நிலப்பரப்பு" என்று எந்த நீதிமன்றமாவது சொன்னதா?

#7 அரசமைப்பு_வாசகன்

நேர் எதிராகத்தான் சொன்னது. மஸ்தான் சாகிப் வழக்கு, 1961. விஷயம் சின்னது, பேருந்து வழித்தட உரிமம். இந்திய மோட்டார் வாகனச் சட்டம் புதுச்சேரிக்குப் பொருத்தப்பட்டிருந்தது, அதன் கீழ் வந்த உத்தரவை எதிர்த்து உச்சநீதிமன்றம் வந்தார்கள். முதல் கேள்வியே இங்கே வர முடியுமா என்பதாகிவிட்டது.

வெளிநாட்டு அதிகாரவரம்புச் சட்டத்தின் 6ஆம் பிரிவில் ஒரு வழி உண்டு: அதிகாரத்தின் இருப்பு, அளவு பற்றிச் சந்தேகம் வந்தால் நீதிமன்றம் மத்திய அரசைக் கேட்கலாம், அரசின் பதிலே முடிவு. நீதிமன்றம் கேட்டது. அரசு சொன்ன பதில், புதுச்சேரி இந்திய நிலப்பரப்பின் பகுதி அல்ல என்பது. அரசமைப்பின் முதல் பிரிவில் "கையகப்படுத்தப்படும் பிற நிலப்பரப்புகள்" என்று இருக்கிறதே, ஏழு ஆண்டாக ஆள்கிறோமே என்ற வாதம் எடுபடவில்லை. கையில் இருப்பது நிர்வாகம், இறைமை இன்னும் வரவில்லை.

விளைவைப் பாருங்கள். இந்தியச் சட்டம் ஒருவரைக் கட்டுப்படுத்தும், அந்தச் சட்டத்தை அவர்மேல் செலுத்தும் அதிகாரிக்கு எதிராக இந்திய உச்சநீதிமன்றத்துக்கு வர வழி கிடையாது. டி ஃபேக்டோ காலத்தின் மிகப் பெரிய அநியாயம் இது என்பேன். நிர்வாகத்தை வாங்கும் நாளிலேயே மேல்முறையீட்டு வழியையும் எழுதி வைத்திருக்க வேண்டும்.

1962 நவம்பர், டிசம்பரில்தான் இதற்கு வழி பிறந்தது. புதுச்சேரி (நிர்வாக) சட்டம் 1962 சென்னை உயர்நீதிமன்றத்தின் அதிகாரத்தைப் புதுச்சேரிக்கு நீட்டியது. 14ஆம் அரசமைப்புத் திருத்தம் (28-12-1962) முதல் அட்டவணையில் வரியைச் சேர்த்தது: 1962 ஆகஸ்ட் 16க்கு உடனடி முன்பு இந்தியாவிலுள்ள பிரெஞ்சுக் குடியேற்றங்களில் அடங்கியிருந்த புதுச்சேரி, காரைக்கால், மாஹே, யானம் ஆகிய நிலப்பரப்புகள். அந்த வரியில் 1954 வரவே இல்லை என்பதைக் கவனியுங்கள்.

#8 எத்தா_சிவில்

குடியுரிமைக்கு வருகிறேன். இணையத்தில் அதிகமாகத் தவறாக எழுதப்படுவது இதுதான்.

உடன்படிக்கையின் 4ஆம் பிரிவு இரண்டு நிபந்தனை வைக்கிறது: அந்தப் பகுதியில் பிறந்திருக்க வேண்டும், 16-8-1962 அன்று அங்கேயே வசிப்பிடம் இருக்க வேண்டும். இரண்டும் இருந்தால் அந்த பிரெஞ்சுக் குடிமகன் தானாகவே இந்தியர் ஆகிறார். வேண்டாம் என்றால் 5ஆம் பிரிவின்படி ஆறு மாதத்துக்குள், அதாவது 1963 பிப்ரவரி நடுப்பகுதிக்குள், எழுத்து மூலம் அறிக்கை தர வேண்டும். ஒன்றும் செய்யாமல் இருந்தவர் இந்தியர். சுமார் 5,000 பேர் அறிக்கை தந்தார்கள்.

சிக்கல் வரும் இடங்கள்:

18 வயது நிரம்பாத, மணமாகாத பிள்ளைகளுக்குத் தந்தையின் அறிக்கை செல்லும். தந்தை இல்லாவிட்டால் தாய், இருவரும் இல்லாவிட்டால் காப்பாளர். 16 வயது தாண்டி மணமான ஆண்பிள்ளை தானே முடிவெடுக்கலாம்.

கணவரின் தேர்வு மனைவியைக் கட்டாது. மனைவி தனியாக அறிக்கை தர வேண்டும். கணவர் எழுதிக் கொடுத்தாரே என்று இருந்துவிட்ட வீடுகளில் கணவர் பிரெஞ்சு, மனைவி இந்தியர் என்று முடிந்தது.

பெற்றோர் முடிவால் பிரெஞ்சாக நின்ற பிள்ளை, 18 வயது நிரம்பி ஆறு மாதத்துக்குள் இந்தியக் குடியுரிமையை எடுத்துக்கொள்ளலாம்.

வெளிநாட்டில் இருந்தவர்களுக்கு விதி தலைகீழ். 7ஆம் பிரிவு: இங்கே பிறந்து, அன்றைய தேதியில் இந்தியாவுக்கும் இந்தப் பகுதிகளுக்கும் வெளியே வசித்தவர் பிரெஞ்சாகவே தொடர்கிறார், இந்தியர் ஆக விரும்பினால்தான் அறிக்கை. சைகோனில் வேலையில் இருந்தவரும் பிரெஞ்சுப் படையில் வெளியூரில் இருந்த சொல்தாவும் (படைவீரர்) இந்த வகை. ஒரே வீட்டில் அண்ணன் இந்தியர், தம்பி பிரெஞ்சு என்று ஆனதற்குக் காரணம் இதுவே. அன்று யார் எங்கே குடியிருந்தார் என்பதே தீர்மானித்தது.

#9 வில்லியனூர்க்_காற்று

கடலூரில் பிறந்து புதுச்சேரியில் வளர்ந்தவர்? நம் பக்கம் தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போவது வழக்கம். பாதிப் பேருக்குத் தாய்வீடு எல்லைக்கு அந்தப் பக்கம்.

#10 எத்தா_சிவில்

சரியான கேள்வி, வரைந்தவர்கள் போதிய கவனம் கொடுக்காத இடம். புதுச்சேரி நிலம் ஒரே துண்டாக இல்லை, இந்தியக் கிராமங்களோடு பின்னிக் கிடப்பது. 4ஆம் பிரிவு "பிறந்து, வசிக்கும்" என்று இரண்டையும் சேர்த்துக் கேட்கிறது. கடலூரில் பிறந்தவருக்கு முதல் பாதியே பொருந்தவில்லை. ஆக, சொற்படி பார்த்தால் அந்தப் பிரிவு அவருடைய பிரெஞ்சுக் குடியுரிமையைத் தொடவில்லை. இந்தியாவோ தன் பக்கத்தில் 1962இல் தனிக் குடியுரிமை ஆணை போட்டு உடன்படிக்கையில் விடுபட்டவர்களைச் சேர்த்துக்கொண்டது. இரு நாட்டுக் கணக்கும் ஒட்டாமல் போனது இங்கேதான்.

அதனால் இப்படி ஒரு கோப்பைப் பார்க்கும்போது முதலில் பிறப்புப் பதிவைக் கேளுங்கள், அறிக்கையைப் பிறகு கேளுங்கள். பிறந்த இடம் எந்தக் கொம்யூன், அது எல்லைக்கு எந்தப் பக்கம் என்பது தெரியாமல் அடுத்த படிக்குப் போகக் கூடாது. எத்தா சிவில் (பிறப்பு, திருமணம், இறப்பு) பதிவின் ஒரு பிரதி மேரியில் (நகராட்சி அலுவலகம்) இருக்கும், ஒரு பிரதி பிரான்சுக்குப் போயிருக்கும். பெயர் எழுத்துக்கூட்டல் இரண்டிலும் ஒன்றா என்று ஒப்பிட்டுப் பார்ப்பது கட்டாயம்.

#11 பழைய_ஏடு

அப்படியானால் ரெனோன்சான்கள் எல்லாரும் பிரெஞ்சுக் குடிமக்களாக நின்றவர்களா?

#12 நொத்தேர்_பிரதி

இல்லை, இந்தக் குழப்பத்தை இன்றே தீர்த்துவிடுவோம். ரெனோன்சான் என்பது 21-9-1881 ஆணைப்படி தன் மரபுச் சட்டத்தை (இந்துவோ, முஸ்லிமோ, கிறித்தவரோ) துறந்து, தானும் தன் வழித்தோன்றல்களும் கோது சிவிலால் ஆளப்படுவோம் என்று அறிக்கை தந்தவர். திரும்பப் பெற முடியாத அறிக்கை, அதோடு ஒரு குடும்பப் பெயரும் எடுக்க வேண்டும். இது தனியாள் சட்டம் பற்றியது. குடியுரிமை பற்றியது அல்ல. 1962இல் இந்தியரான ரெனோன்சான் உண்டு, பிரெஞ்சாக நின்ற ரெனோன்சான் அல்லாத இந்துவும் உண்டு.

இந்த வேறுபாடு இன்றைக்கும் சோறு போடுகிறது, வழக்கும் போடுகிறது. அரசமைப்பின் 240ஆம் பிரிவின் கீழ் வந்த புதுச்சேரி (சட்டங்கள்) ஒழுங்குமுறை 1963, 1-10-1963 முதல் இந்து வாரிசுரிமைச் சட்டத்தையும் இந்து திருமணச் சட்டத்தையும் கொண்டுவந்தது. ஆனால் ரெனோன்சான்களுக்குப் பொருந்தாது என்று விலக்கும் கொடுத்தது. ஆகவே சொத்தில் முதல் கேள்வி: இறந்தவர் ரெனோன்சானா? ஆம் என்றால் கோது சிவில். இல்லை, இந்து என்றால் இரண்டாவது கேள்வி: இறந்தது 1-10-1963க்கு முன்பா, பின்பா? முன்பு என்றால் புதுச்சேரி வழக்காற்று இந்துச் சட்டம். அதில் மகனுக்குப் பிறப்பால் உரிமை கிடையாது, தந்தை முழு உரிமையாளர். மகனுக்குப் பிறப்பிலேயே பங்கு தரும் மதராஸ் பக்கத்து மிதாட்சரப் பழக்கத்தில் "பூர்வீகச் சொத்து, மகன் கையெழுத்து இல்லாமல் விற்றது செல்லாது" என்று நோட்டீஸ் அனுப்புகிறவர்கள் இங்கேதான் இடறுகிறார்கள்.

#13 வில்லியனூர்க்_காற்று

நொத்தேர் (பிரெஞ்சு முறையில் பத்திரம் எழுதிச் சான்றளிக்கும் அதிகாரி) பத்திரங்கள் பற்றியும் சொல்லுங்கள் ஐயா. பதிவு அலுவலகத்தில் வில்லங்கம் போட்டால் பழையது வரவில்லையே.

#14 நொத்தேர்_பிரதி

இந்தியப் பதிவுப் பழக்கத்தில் அசல் நம் கையில், நகல் அலுவலகத்தில். நொத்தேர் முறையில் அசல் நொத்தேரிடமே தங்கும், அதற்கு மினுத் என்று பெயர். கட்சிக்காரர் கையில் இருப்பது சான்றிட்ட பிரதி. ஆகவே "அசல் காணோம்" என்று ஒரு சொத்தைத் தள்ளிவிடாதீர்கள். அந்த நொத்தேரின் மினுத் தொகுப்பு யாரிடம் போயிற்று என்று தேடுங்கள்.

அடுத்து, கோது சிவில்படி பொருளும் விலையும் ஒத்துக்கொண்டாலே இருவருக்குள் விற்பனை முடிந்தது. அடைமானப் பதிவகத்தில் படியெடுத்து வைப்பது மூன்றாம் ஆளைக் கட்டுப்படுத்த. இந்தியச் சொத்து மாற்றுச் சட்டத்தில் 100 ரூபாயோ அதற்கு மேலோ மதிப்புள்ள நிலம் விற்பனையில் பதிவு செய்யாமல் மாறாது. சொத்து மாற்றுச் சட்டம், உரிமையியல் நடைமுறைச் சட்டம் எல்லாம் இங்கே வந்தது 1962இலும் அல்ல, 1963இலும் அல்ல. புதுச்சேரி (சட்டங்கள் நீட்டிப்பு) சட்டம் 1968 வழியாக, 5-9-1968 முதல். ஆக 1965 தேதியிட்ட தனியார் கைச்சாத்துப் பத்திரத்தை (நொத்தேர் இல்லாமல் கட்சிக்காரர்களே கையெழுத்திட்டது) பதிவில்லை என்ற ஒரே காரணத்துக்காகச் செல்லாது என்று எழுதினால் தவறு. எந்தச் சட்டத்தின் காலத்தில் எழுதப்பட்டது என்று பார்த்து எழுத வேண்டும்.

அடைமானத்தில் ஒரு கண்ணி: கோது சிவிலின் அடைமானப் பதிவு 10 ஆண்டு தாங்கும், புதுப்பிக்காவிட்டால் அதன் முன்னுரிமை போய்விடும். பழைய கடன் பதிவைப் பார்த்ததும் புதுப்பித்த பக்கத்தையும் கேளுங்கள்.

#15 யானத்துப்_படகு

மாஹே, யானம் பற்றி மேலே ஒரு வரியில் போய்விட்டீர்கள். யானத்தில் 13-6-1954, மாஹேயில் 16-7-1954 முதல் நவம்பர் 1 வரை பிரெஞ்சு அதிகாரி நாற்காலியில் இல்லை. இந்திய ஆணையும் வரவில்லை. அந்த மாதங்களில் நடந்த நிர்வாகச் செயல்களுக்கு என்ன அடிப்படை?

#16 ஆணை_எண்

சட்டப்படி அங்கே பிரெஞ்சு இறைமை இருந்தது, பிரெஞ்சுச் சட்டமும் இருந்தது, அதைச் செலுத்த ஆள்தான் இல்லை. 1954 ஒப்பந்தம் நான்கு பகுதிகளையும் பெயர் சொல்லி, ஒரே தேதியில் ஒப்படைத்ததற்குக் காரணமே அந்த இடைவெளியைத் தனி வழக்காக விடக் கூடாது என்பது. விடுதலை நாள் என்று ஊர் கொண்டாடும் தேதி வேறாக இருக்கலாம். ஆவணத்துக்கு நவம்பர் 1 என்றே எடுத்துக்கொள்ள வேண்டும்.

#17 அரசமைப்பு_வாசகன்

உடன்படிக்கையின் 2ஆம் பிரிவையும் சேர்த்து வைப்போம். 1-11-1954க்கு முன் இருந்த சிறப்பு நிர்வாகத் தகுதி தொடரும், அரசமைப்பு மாற்றம் எதுவும் மக்களின் விருப்பத்தை அறிந்த பிறகே என்கிறது. 1979 ஜனவரியில் அண்டை மாநிலங்களோடு இணைக்கும் பேச்சு மத்திய அரசிலிருந்து வந்தபோது ஊரே கொதித்தது. அப்போது எல்லார் வாயிலும் இருந்தது இந்தப் பிரிவுதான். மொழிக்கு 28ஆம் பிரிவு: தேர்ந்தெடுக்கப்பட்ட பிரதிநிதிகள் வேறுவிதமாக முடிவு செய்யாதவரை பிரெஞ்சு ஆட்சிமொழி. 1965 ஆட்சிமொழிச் சட்டம் தமிழையும், மாஹேக்கு மலையாளத்தையும், யானத்துக்குத் தெலுங்கையும் கொண்டுவந்தது.

#18 பழைய_ஏடு

எல்லாருக்கும் நன்றி. நான் புரிந்துகொண்டது சரியா என்று பாருங்கள். 12-3-1963 அன்று காரைக்காலில் இறந்த இந்து, ரெனோன்சான் அல்ல, 5ஆம் பிரிவு அறிக்கை தராதவர். ஆள் இந்தியக் குடிமகன். மண் இந்திய நிலப்பரப்பு. வாரிசுரிமை மட்டும் பழைய வழக்காற்றுச் சட்டம்?

#19 நொத்தேர்_பிரதி

ஆம். 1-10-1963க்கு இன்னும் ஆறரை மாதம் இருக்கிறது. அவர் உயில் எழுதியிருந்தால் அதையும் அந்தச் சட்டத்தின்படியே படிக்க வேண்டும். வாரிசுகள் பாகப்பிரிவினை செய்த தேதி 5-9-1968க்குப் பிறகு என்றால், அந்தப் பத்திரத்துக்கு மட்டும் இந்தியப் பதிவு விதிகளைப் பாருங்கள்.